ஆபீசர் தேறுவாரா

லிஃப்ட் மெக்கானிக்கின் வீடு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இருந்தது. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. ஊரையெல்லாம் மேலே ஏற்றி இறக்கிவிட்டுச் சாயங்காலம் தானே படியேறி மூச்சு வாங்கும் மனிதரைப் பார்த்தால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? மெக்கானிக்குக்கு அதில் வருத்தமும் இல்லை. அந்த ஜோக்கை எப்போதும் அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். நாமே சொல்லிவிட்டால் அடுத்தவன் சொல்ல ஒன்றும் மிஞ்சாது என்பது அவர் கட்சி.

ஒரு வருஷத்துக்கு மேலாக அவர் தனியாகப் படியேறவில்லை. கூடவே ஆபீசரும் ஏறினார்.

ஆபீசர் ஒரு நாய். வைக்கோல் நிறம், தொங்கல் காது, எதைப் பார்த்தாலும் யோசிப்பதுபோல் ஒரு முகம். கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்ட நாய்களைப் பழக்கும் பள்ளி ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது. அங்கே பிறக்கும் குட்டிகளை முதலில் வீடுகளில் விட்டு வளர்ப்பார்கள். பஸ், கடைத்தெரு, கூட்டம், குழந்தைகள் எல்லாம் பழகட்டும் என்பதற்காக. நன்றாக வளர்ந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறதென்று வீட்டம்மாதான் போய் ஒரு குட்டியைக் கேட்டு வாங்கிவந்தார். அவர் ஒரு தையல்கடையில் பேண்ட் சுருக்குவது, ஜிப் மாற்றுவது போன்ற வேலைகள் செய்பவர். மீந்த துணிகளை ஒட்டுப்போட்டுக் குட்டிக்கு மெத்தை தைத்ததும் அவர்தான்.

“இரவல் நாய்க்கு எதுக்கு இவ்வளவு செல்லம்? நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும்ல?” என்று மெக்கானிக் முதல் வாரம் முழுக்க முறுக்கிக்கொண்டு திரிந்தார். இரண்டாவது வாரம் அந்த ஒட்டுத்துணி மெத்தை அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தது. எப்படி வந்தது என்று வீட்டம்மாவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பள்ளிக்காரர்கள் வைத்த பெயர் ஏதோ ஒன்று இருந்தது. அது யார் வாயிலும் நிற்கவில்லை. ஆபீசர் என்ற பெயரை வைத்தது மெக்கானிக்தான், அதுவும் படிக்கட்டில்தான். கொஞ்சம் வளர்ந்து தானாகப் படியேற ஆரம்பித்ததிலிருந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் சமதளம் வந்ததும் ஆபீசர் பொத்தென்று உட்கார்ந்துவிடுவார். முன்னங்கால்களை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, நேரே பார்த்தபடி. யாராவது வந்து எதிலாவது கையெழுத்து வாங்கிக்கொண்டால்தான் எழுந்திருப்பேன் என்கிற மாதிரி. கூப்பிட்டாலும் சட்டென்று வரமாட்டார்.

“ஃபைல் வந்தாத்தான் ஆபீசர் எழுந்திருப்பார்” என்று மெக்கானிக் ஒருநாள் சொன்னார். அது கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. அதிலும் மூன்றாவது மாடிக்காரர் இருக்கிறாரே, அவருக்கு ஒரு ஜோக் கிடைத்தால் லேசில் விடமாட்டார். ஏறும்போதும் இறங்கும்போதும், “என்ன மெக்கானிக், ஆபீசருக்கு ஃபைல் இன்னும் வரலையா?” என்பார். “கீழேயிருந்து வந்துக்கிட்டே இருக்குங்க” என்பார் மெக்கானிக். தினமும் இதே கேள்வி, இதே பதில், தினமும் அதே சிரிப்பு.

பெயர் ஆபீசர் என்று ஆனபிறகு ‘வா, போ’ என்று பேச மெக்கானிக்குக்கு வாய் வரவில்லை. “ஆபீசர் சாப்பிட்டாரா?” என்றுதான் கேட்பார். வீட்டம்மா மட்டும் கடைசிவரை ‘அவன்’ என்றே சொல்லிவந்தார். நாம் மெக்கானிக் கட்சியில் சேர்ந்துகொள்வோம், மரியாதை கொடுப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது.

ஆபீசருக்கு வேறு சில பழக்கங்களும் இருந்தன. தெருவில் நல்ல பிள்ளையாக நடப்பார். பூங்காவில் அவிழ்த்துவிட்டால் பின்னங்கால் இரண்டையும் சேர்த்துவைத்து முயல் மாதிரி துள்ளித் துள்ளி ஓடுவார். “ஆபீஸ் வேலைன்னா நடை, சொந்த வேலைன்னா துள்ளல்” என்று மெக்கானிக் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். லிஃப்ட் என்றால் ஆபீசருக்கு உயிர். படிக்கட்டும் லிஃப்டும் எதிரெதிரே இருந்தால் கயிற்றை இழுத்துக்கொண்டு லிஃப்ட் பக்கமே போவார். “எங்க தொழில்மேல அவருக்கு அவ்வளவு பற்று” என்று மெக்கானிக் மார்தட்டிக்கொள்வார்.

மாதம் ஒருமுறை பள்ளியிலிருந்து பயிற்சிக்காரர் வருவார். சின்ன வயதுதான், ஆனால் பேச்சில் நிதானம். கீழே நின்று மணியடிப்பார், மெக்கானிக் ஆபீசரை இறக்கிக்கொண்டு போவார், மூவரும் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். அப்படி ஒரு சுற்றில்தான் எக்ஸ்ரே பற்றிய பேச்சு வந்தது.

“அடுத்த மாசம் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கணும் சார். இந்த ஜாதி நாய்ங்களுக்கு இடுப்பு மூட்டுதான் பிரச்சினை. தொடை எலும்போட தலை பந்து மாதிரி இருக்கும். இடுப்புல அதுக்கு ஒரு கிண்ணம். பந்து கிண்ணத்துல கச்சிதமா உக்காந்திருந்தா தேறிடுவான், நாங்க பயிற்சிக்கு எடுத்துக்குவோம்.”

“தேறலைன்னா?”

“தேறலைன்னா வேலைக்கு ஆகாது சார். வீட்டுலதான் இருக்கணும். வளர்த்தவங்க கேட்டா முதல்ல அவங்களுக்குத்தான் குடுப்போம்.”

பந்து, கிண்ணம் எல்லாம் மெக்கானிக்கின் ஒரு காதில் நுழைந்து மறு காதால் வெளியே போனது. கடைசி வாக்கியம் மட்டும் உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. தேறினால் போவார். தேறாவிட்டால் இருப்பார்.

இதோடு போயிருந்தால் அவர் பாடு சுலபம். இன்னொரு பக்கமும் இருந்தது. அவர் லிஃப்ட் பார்க்கும் உயரமான பழைய கட்டடம் ஒன்றில், ஐந்தாவது மாடியில் ஒரு டீச்சர் இருந்தார். நடு வயதில் பார்வை போனவர். வீட்டிலிருந்தே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார், எல்லாம் வாயால்தான். ஒரு நாய் வேண்டுமென்று பள்ளியில் சொல்லிவைத்து வெகுநாளாகக் காத்திருந்தார். ஆபீசரை மெக்கானிக் வேலைக்குக் கூட்டிப்போகும் நாட்களில், லிஃப்ட் சத்தம் நின்றதும் டீச்சர் வெளியே வருவார். ஆபீசர் போய் அவர் முழங்காலில் தலையைச் சாய்த்து நிற்பார். பயிற்சிக்காரர் டீச்சரின் நடையையும் பார்த்துவிட்டு, “இவன் தேறினா உங்களுக்குத்தான் பொருத்தம்” என்று சொல்லியிருந்தார். அதிலிருந்து டீச்சர் மெக்கானிக்கைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்.

“லிஃப்ட்காரரே, நம்ம ஆள் தேறிடுவானா?”

“தேறிடுவாருங்க டீச்சர், தேறாம எங்க போறார்” என்பார் மெக்கானிக். சொல்லிவிட்டு லிஃப்ட் பட்டனை இரண்டு முறை அமுக்குவார்.

வீட்டிலும் அந்த ஒரு வார்த்தைதான். மகள் போன் பண்ணினால், “தேறுமா அம்மா?” மூன்றாவது மாடிக்காரர், “ஆபீசர் பரீட்சை என்ன ஆச்சு, தேறுவாரா?” தேறுவாரா, தேறமாட்டாரா என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லாமல் போயிற்று.

மெக்கானிக் என்ன வேண்டிக்கொள்வார், பாவம்? தேற வேண்டும் என்று வேண்டினால் ஆபீசர் கையைவிட்டுப் போய்விடுவார். தேறக் கூடாது என்று வேண்டினால் டீச்சர் வயிற்றில் அடித்ததாகிவிடும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். “கடவுளே, ஆபீசர்...” என்று ஆரம்பித்து அங்கேயே நிறுத்திவிடுவார். மீதியைக் கடவுளே பார்த்து நிரப்பிக்கொள்ளட்டும். இதை ஒரு வேண்டுதல் என்று ஏற்றுக்கொள்ளும் கடவுள் எங்கேயாவது இருந்தால் அவருக்கும் தலை சுற்றியிருக்கும்.

எக்ஸ்ரே நாள் வந்தது. வீட்டம்மாவுக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை, மெக்கானிக் மட்டும்தான் ஆபீசரோடு போனார். கால்நடை ஆஸ்பத்திரியின் நடைபாதையில் பினாயில் வாடை. ஒரு பெஞ்சில் பூனைக்கூடையோடு ஒருவர், இன்னொன்றில் காயத்தை நக்காதபடி கழுத்தில் புனல் மாட்டிய நாய் ஒன்று. ஆபீசர் அந்தப் புனலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா வேகமான ஆள். நடந்துகொண்டே பேசுவார், பேசிக்கொண்டே அடுத்த வேலைக்குப் போய்விடுவார். “முழிச்சிருந்தா அசைவான், படம் கலங்கிடும். லேசா மயக்க ஊசி போடுறேன்” என்றார். ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் ஆபீசரின் தலை மெக்கானிக்கின் கையில் கனத்தது. கண் பாதி திறந்தபடி இருந்தது, ஆனால் பார்க்கவில்லை. உதவியாளர் எக்ஸ்ரே கதிர் படாமலிருக்க ஈய அங்கி ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். ஆபீசரை மேஜைமேல் மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னங்கால் இரண்டையும் நேராக நீட்டிப் பிடித்தார்கள். முழங்கால்கள் ஒன்றுபோல் மேலே பார்த்திருக்க வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்தாலும் படம் பொய் சொல்லும் என்று உதவியாளர் விளக்கினார். பிறகு மெக்கானிக்கை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

கதவுக்கு அப்பால் ஒரு சின்ன ‘டக்’. அவ்வளவுதான். மூன்று பேருடைய வாழ்க்கை அந்த ஒரு ‘டக்’கில் இருந்தது, மெக்கானிக்குக்கு அது லிஃப்டின் மின்பெட்டிக்குள் ரிலே விழுகிற சத்தம் மாதிரிதான் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து உதவியாளர் அவரைப் பக்கத்து அறையில் உட்காரவைத்துவிட்டு, டாக்டரம்மாவைத் தேடிப் போனார். அறையில் கம்ப்யூட்டர் திரை, திரையில் ஆபீசரின் இடுப்பு. மெக்கானிக் எழுந்து கிட்டத்தில் போய்ப் பார்த்தார். நடுவில் முதுகெலும்பு வால்வரை போயிற்று. இரண்டு பக்கமும் தொடை எலும்புகள். பயிற்சிக்காரர் சொன்ன பந்தும் கிண்ணமும் இதோ என்று கண்டுபிடித்துவிட்டார். பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் கறுப்பாக ஓர் இடைவெளி தெரிந்தது. ஒரு பக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

இடைவெளியைப் பார்த்ததும் மெக்கானிக்கின் தொழில்மூளை விழித்துக்கொண்டது. எந்த மெஷினிலும் கொஞ்சம் ஆட்டம் வேண்டாமா? ஆட்டமே இல்லாமல் இறுக்கிவைத்தால் சிக்கிக்கொள்ளுமே. இந்த ஆட்டம் எண்ணெய் நிற்கிற இடமாக இருக்க வேண்டும். ஆக, நல்ல மூட்டு. முதல்தரமான மூட்டு. நாயின் எலும்பை லிஃப்டாக நினைத்துச் சான்றிதழ் கொடுத்துவிட்டார் மனிதர்.

திரையில் இடது பக்கத்துக்கான அடையாளம் அவருடைய வலது கைப்பக்கம் போட்டிருந்தது. அதுதான் அவரைத் திக்குமுக்காட வைத்தது. ஆபீசரின் இடது எது, தன்னுடைய இடது எது? அவர் திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தன் இடுப்பைத் தடவிப் பார்த்தார். ஆபீசர் மல்லாந்து படுத்தவராயிற்றே, அப்படியென்றால் தானும் மல்லாக்கப் படுத்தால்தானே கணக்கு சரியாக வரும்? தரையைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் டாக்டரம்மாவும், சக்கர மேஜையில் ஆபீசரைத் தள்ளிக்கொண்டு உதவியாளரும் உள்ளே வந்தார்கள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு திருதிருவென விழித்தார் மெக்கானிக்.

“எப்படிங்க டாக்டர்?” என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

டாக்டரம்மா திரையை ஒரு பார்வை பார்த்தார். “படம் ரொம்ப நல்லா வந்திருக்கு. பள்ளிக்கு நான் அனுப்பிடுறேன்.” ஆபீசரின் இமையைத் தூக்கிப் பார்த்தார், கன்னத்தில் தட்டினார். “கவலைப்படாதீங்க, சாயங்காலத்துக்குள்ள தேறிடுவான். இன்னைக்கு மட்டும் சாப்பாடு கொஞ்சமா குடுங்க.”

அதற்குள் நடைபாதையில் பூனை ஒன்று அலறியது. டாக்டரம்மா போய்விட்டார்.

தேறிடுவான். மெக்கானிக் சக்கர மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். டாக்டரே சொல்லிவிட்டார். படம் நல்லா வந்திருக்கிறது, தேறிடுவான், சாயங்காலத்துக்குள்ள பள்ளியிலிருந்து சொல்லிவிடுவார்கள். இதற்குமேல் என்ன இருக்கிறது? ஆபீசர் நாக்கை வெளியே போட்டுக்கொண்டு அரைமயக்கத்தில் வாலை ஒருமுறை தூக்கிப் போட்டார். தேறியவருக்கே சேதி தெரிந்துவிட்டது என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார். சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. உதவியாளருக்கு நன்றி சொன்னார், எதற்கென்று தெரியாமலே.

வீட்டுக்கு வந்த வீட்டம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார், “என்னங்க சொன்னாங்க?”

“தேறிட்டார்.”

வீட்டம்மா செருப்பை ஓரமாக ஒதுக்கிவைத்தார். “நல்லதுதானே” என்றார். சமையலறைக்குப் போனார். அங்கிருந்து, “நல்லதுதானே?” என்று கேட்டார். திரும்பி வந்து ஆபீசரின் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தடவிக்கொண்டே மூன்றாவது முறையாக, “நல்லதுதானே” என்றார். மூன்றும் ஒரே வார்த்தை, ஆனால் மூன்றும் ஒன்றல்ல.

சாயங்காலம் பள்ளியிலிருந்து போன் எதுவும் வரவில்லை. இதெல்லாம் முறைப்படி வர நாளாகும் என்று மெக்கானிக் சொன்னார். மறுநாள் காலையில் முதல் வேலையாக டீச்சரின் கட்டடத்துக்குப் போனார். அன்றைக்கு அங்கே அவருக்கு லிஃப்டில் வேலை எதுவும் இல்லை. தன்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை, அதுதான் விஷயம். இன்னும் இரண்டு நாள் போனால் ஆபீசரைக் கொடுக்க மாட்டேன் என்று எங்காவது போய் நின்றுவிடுவோமோ என்று பயந்தார். வாயால் சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாதல்லவா?

“டீச்சர், தேறிட்டார். டாக்டரே வாயால சொன்னாங்க.”

டீச்சர் கதவின் பிடியைப் பிடித்தபடியே நின்றார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் மெக்கானிக்கின் துக்கத்தில் பாதி குறைந்துபோனது. மீதிப் பாதி அதிகமானது.

“உள்ள வாங்க லிஃப்ட்காரரே. அவன் படுக்கிறதுக்கு இந்த ஜன்னல் ஓரம் சரியா இருக்குமா பாருங்க. வெயில் வருதா?”

“காலைல வருது டீச்சர்.”

“அவனுக்கு வெயில் பிடிக்குமா?”

“உசுரு.”

டீச்சர் ஜன்னல் ஓரமிருந்த நாற்காலியைத் தானே தள்ளி அந்தப் பக்கம் போட்டார். “உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல?” என்றார் முதுகைக் காட்டியபடி. மெக்கானிக் மென்று முழுங்கி, “அதெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர்” என்றார். கண் தெரியாதவரிடம் முகத்தை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை, குரலைத்தான் மறைக்க வேண்டும். அது அவருக்கு வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் பயிற்சிக்காரர் வந்தார். எப்போதும் கீழேயே நின்று மணியடிப்பவர், அன்றைக்கு மேலேயே ஏறி வந்துவிட்டார். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பை தயாராக இருந்தது. ஆபீசரின் சீப்பு, தட்டு, கடித்துப் பாதியாக்கிய ரப்பர் வளையம், மேலே நான்காக மடித்த ஒட்டுத்துணி மெத்தை. வீட்டம்மா துவைத்து இஸ்திரி போட்டுக்கூட வைத்திருந்தார்.

பயிற்சிக்காரர் பையைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார். “எங்கயாவது ஊருக்குப் போறீங்களா?”

“ஆபீசரோட சாமான்ங்க இது.”

“எதுக்குக் கட்டி வெச்சிருக்கீங்க?”

“நீங்க கூட்டிட்டுப் போகத்தானே வந்திருக்கீங்க?” என்றார் வீட்டம்மா.

பயிற்சிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. “இல்லீங்களே. அவன் தேறலையே. அதை நேர்ல சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.”

“தேறிட்டாருங்க” என்றார் மெக்கானிக், சின்னப் பையனுக்கு விஷயம் தெரியவில்லை என்கிற தோரணையில். “டாக்டரம்மாவே எங்கிட்ட சொன்னாங்க. படம் நல்லா வந்திருக்கு, சாயங்காலத்துக்குள்ள தேறிடுவான்னு.”

பயிற்சிக்காரர் மெதுவாகக் கேட்டார், “அப்ப இவன் மயக்கத்துல இருந்தானா சார்?”

எக்ஸ்ரே எடுத்த அந்த நாள் முழுக்க மெக்கானிக்கின் மண்டைக்குள் மறுபடி ஓடியது. இமையைத் தூக்கிப் பார்த்தது, கன்னத்தில் தட்டியது, சாப்பாடு கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னது. மயக்கம் தெளிந்து தேறிவிடுவான் என்று ஒரு டாக்டர் சொன்னால் உலகத்தில் வேறு யாருக்காவது பரீட்சையில் தேறிவிட்டான் என்று கேட்குமா? படம் நல்லா வந்திருக்கிறது என்றால் படம் கலங்காமல் வந்திருக்கிறது என்றுதானே பொருள்?

வீட்டம்மாதான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார், மெத்தையைப் பையிலிருந்து உருவி எடுத்துத் தரையில் விரித்தார். ஆபீசர் வந்து அதன்மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்துக்கொண்டார். மெக்கானிக்குக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆபீசர் எங்கேயும் போகவில்லை. ஆபீசர் இங்கேதான். அந்த நிமிஷத்தில் டீச்சரின் நினைவுகூட அவருக்கு வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பயிற்சிக்காரர் தன் போனில் படத்தைத் திறந்து காட்டினார். அதே படம். “கிண்ணம் ஆழமா இருந்து பந்தைப் பாதிக்கு மேல மூடியிருக்கணும் சார். இவனுக்குக் கிண்ணம் தட்டு மாதிரி இருக்கு. பந்து உள்ள உக்காராம வெளிய நழுவுது. இந்தக் கறுப்பு இடைவெளி இருக்கு பாருங்க, அது இருக்கக் கூடாது.”

“நான் அது எண்ணெய் நிக்கிற இடம்னு...” என்று மெக்கானிக் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

“தெருவுல நடக்கும்போது எனக்கு ஒண்ணும் தெரியலை. படியில ஏறும்போதுதான் தெரியும். நடுவுல நடுவுல உக்காந்துக்குவானா?”

“ஆமா. அதனாலதானே ஆபீசர்னு பேரு.” மெக்கானிக்குக்குத் தன் ஜோக்கைச் சொல்ல ஒரு புது ஆள் கிடைத்துவிட்டார். “ஒவ்வொரு திருப்பத்துலயும் உக்காந்துடுவார். ஃபைல் வந்தாத்தான்...”

பயிற்சிக்காரர் சிரிக்கவில்லை. “ஓடும்போது பின்னங்கால் ரெண்டையும் சேர்த்து வெச்சுத் துள்ளுவானா, முயல் மாதிரி?”

“துள்ளுவார். அது சொந்த வேலையா போகும்போது...” மெக்கானிக்கின் குரல் தேய்ந்தது.

“படியை விட்டு லிஃப்டுக்கு இழுப்பானா?”

மெக்கானிக் ஆபீசரைத் திரும்பிப் பார்த்தார். வீட்டம்மாதான், “இழுப்பான்” என்றார்.

“வலிதான் சார். தனித்தனியா காலை எடுத்து வெச்சா வலிக்கும், அதனால சேர்த்து வைக்கிறது. ஏறினா வலிக்கும், அதனால உக்காந்துக்கிறது. நீங்க ஒண்ணும் தப்பு பண்ணலை, பிறவியிலேயே வர்றதுதான் இது. எடை கூடாம பாத்துக்கணும், மாத்திரை குடுக்கலாம், பின்னாடி ஆபரேஷன் தேவைப்படலாம். படி மட்டும் கூடாது.”

போகும்போது பயிற்சிக்காரர் டீச்சருக்கு யார் சொல்வது என்று கேட்டார். வேறு நாய்க்கு அவர் இன்னும் கொஞ்ச காலம் காத்திருக்க வேண்டும் என்றார். “நான்தான் தேறிட்டார்னு போய்ச் சொன்னேன், நானே சொல்லிடுறேன்” என்றார் மெக்கானிக்.

அவர் ஆபீசரையும் கூட்டிக்கொண்டுதான் போனார். இரண்டு மாடியும் தூக்கிக்கொண்டு இறங்கினார். டீச்சரின் கட்டடத்தில் லிஃப்ட் கதவு திறந்ததும் ஆபீசர் முதல் ஆளாக உள்ளே போய் நின்றார். இத்தனை நாளும் பெருமையாகப் பார்த்த காட்சி அது. இன்றைக்கு மெக்கானிக் பட்டனை அமுக்கிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டீச்சர் முழுவதையும் நின்றுகொண்டே கேட்டார். தேறிடுவான் என்ற வார்த்தை வந்த இடத்தில் அவருக்கு லேசாகச் சிரிப்புக்கூட வந்தது. பிறகு அது போய்விட்டது. ஆபீசர் வழக்கம்போல் அவர் முழங்காலில் தலையைச் சாய்த்தார். டீச்சரின் கை அவர் தலையிலிருந்து முதுகு வழியாக இடுப்புக்கு வந்து அங்கே நின்றது.

“மன்னிச்சிடுங்க டீச்சர். உங்களுக்கு ஆசை காட்டிட்டேன்.”

“அது கிடக்கட்டும். இவனுக்கு ரொம்ப வலிக்குதா?”

மெக்கானிக் குனிந்து ஆபீசரின் இடுப்பைப் பார்த்தார். இத்தனை நாளில் தேறுவாரா என்று கேட்டிருக்கிறார், போவாரா, இருப்பாரா என்று கேட்டிருக்கிறார். ஊரே கேட்டிருக்கிறது. இந்தக் கேள்வியை அவர் டாக்டரம்மாவிடம் கேட்கவில்லை, பயிற்சிக்காரரிடம்கூடக் கேட்கவில்லை. அவராகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டதோடு சரி. தெரியாது என்று டீச்சரிடம் சொன்னார். அது உண்மை, அதனால்தான் சொல்ல அவ்வளவு வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்தபோது கட்டட வாசலில் ஆபீசரை மறுபடி தூக்கினார். கீழே இறக்குவது வேறு, மேலே ஏற்றுவது வேறு. முதல் மாடிவரை பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். அதற்கு அடுத்த திருப்பத்தில் மூச்சு முட்டியது, பிடி தளர்ந்தது. கீழே போட்டுவிடுவோமோ என்று பயந்து மெல்ல இறக்கிவிட்டார். இறக்கியதும் ஆபீசர் முன்னங்கால்களை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, நேரே பார்த்தபடி உட்கார்ந்தார். எந்த இடத்தில் எப்போதும் உட்காருவாரோ அதே இடத்தில்.

மேலேயிருந்து மூன்றாவது மாடிக்காரர் இறங்கி வந்துகொண்டிருந்தார். தூரத்திலிருந்தே முகம் மலர்ந்துவிட்டது.

“என்ன மெக்கானிக், ஆபீசருக்கு ஃபைல் இன்னும் வரலையா?”

கீழேயிருந்து வந்துக்கிட்டே இருக்குங்க என்று சொல்ல வேண்டிய இடம். மெக்கானிக் ஆபீசருக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

“ஃபைல் எல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அவருக்கு இடுப்பு வலிக்குது. முதல் நாள்லேர்ந்தே வலிச்சிருக்கு.”

மூன்றாவது மாடிக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. இதுவும் ஜோக்கின் ஒரு பகுதியா என்று மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தணித்துக்கொண்டார்.

“அடடா. தேறிடுவாரா?”

மெக்கானிக் அந்த வார்த்தையைக் கொஞ்சநேரம் யோசித்தார்.

“தேறலைங்க” என்றார். “அதனாலதான் எங்க வீட்டுல இருக்காரு.”

மூன்றாவது மாடிக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வருத்தம் சொல்வதா, வாழ்த்துச் சொல்வதா என்று தெரியாமல் இரண்டு படி இறங்கினார், நின்று திரும்பிப் பார்த்தார், பிறகு இறங்கிப் போய்விட்டார். மெக்கானிக் அவசரப்படவில்லை. ஆபீசர் தானாக எழுந்திருக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.